ஆச்சியின் நடைக்கேற்ற ஒரு பாலைப் பயணம்

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு மாலை. மயிலாப்பூரில், சாந்தோம் பேராலயத்தின் மணியோசை கேட்கும் தொலைவிலுள்ள எங்கள் இல்லத்தில் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்தோம். அமெரிக்காவில் வாழும் எங்கள் தம்பி, தன் மனைவி மக்களோடு அரிசோனா, யூட்டா மாநிலங்களின் பாலை நிலத்தைக் காரிலே சுற்றி வந்து, அங்கே எடுத்த நிழற்படங்களை அனுப்பியிருந்தான். சிவந்த மண்ணும் செங்குன்றுகளும், அவற்றின் நடுவே நாடா விரித்தாற்போல் நீண்டு செல்லும் சாலையும் கண்டு எங்கள் பிள்ளைகள் இருவரும் வியந்தனர். "நம் நாட்டில் இப்படி ஓர் இடம் உண்டா?" என்று கேட்டான் பத்து வயது மகன்.

மூலையில் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தார்கள். "இதென்ன பெரிய அதிசயம், ஐயா? எங்க ஊர்த் தேரியும் இதே நிறந்தானே!" என்றார்கள். பிறகு, ஏதோ சொல்லத் தகாததைச் சொல்லிவிட்டவர்போல் மீண்டும் செபமாலைக்குத் திரும்பினார்கள்.

அந்த மௌனத்தின் பொருள் எங்களுக்கு விளங்கியது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடர இயலாது.

முதற் பயணமும் அதன் தோல்வியும்

எங்கள் அன்னை தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டின் ஓரத்திலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தவர்கள். 1971-இல் மணமாகிச் சென்னைக்கு வந்தார்கள். அவர்களுடைய தந்தையார் பனையேறிப் பிழைத்தவர். அவர் இறந்தபோது தந்தி தாமதமாகக் கிடைத்தது. அன்னை ஊர் சென்று சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. "ஐயா முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே" என்னும் துயரம் அவர்களை விட்டு நீங்கவேயில்லை. தந்தையின் கல்லறையில் ஒரு செபம் சொல்ல வேண்டும்; அவர் ஏறிய பனைகளைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்; மணப்பாட்டுத் திருச்சிலுவையின் முன் முழந்தாளிட வேண்டும். இந்த மூன்றுமே அவர்கள் எங்களிடம் கேட்டவை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையென்று மே மாதத்தில் நாங்கள் புறப்பட்டோம். ஒரே நாளில் போய்ச் சேர வேண்டுமென்ற அவசரத்தில் இரவெல்லாம் கார் ஓட்டினோம். அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லக் கூசிய அன்னை, தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொண்டார்கள். இதை நாங்கள் கவனிக்கவில்லை. தேரியை அடைந்தபோது உச்சிவேளை. மணல் கொதித்தது, காற்று மணலை வாரி முகத்தில் இறைத்தது. அன்னை இருபது அடி நடந்திருப்பார்கள். கண் இருண்டு சாய்ந்துவிட்டார்கள். அருகிலிருந்த ஊரின் மருத்துவமனையில் இரண்டு நாட்கள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. கல்லறையையும் காணவில்லை, சிலுவையையும் காணவில்லை. இரயிலில் படுக்கவைத்துத் திரும்பினோம். அதன்பின் அன்னை ஊரைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். தம்மால் மற்றவர்களுக்குத் தொல்லை என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. குற்றம் அவர்களுடையதன்று, திட்டமின்றிப் புறப்பட்ட எங்களுடையதே.

ஆகவே அந்த மாலையில் ஒரு தாளை எடுத்து உணவு மேசையின்மேல் விரித்தோம். பிப்ரவரியில் மீண்டும் புறப்படுவதென்று முடிவு செய்தோம். இம்முறை எழுபத்து நான்கு வயது ஆச்சியால் எவ்வளவு இயலுமோ அதுவே பயணத்தின் அளவாக இருக்க வேண்டும் என்று எழுதி, அதன் கீழ் மற்ற யாவற்றையும் எழுதினோம். அந்தத் திட்டம் வாசகக் குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்பதாலேயே இங்கே தருகின்றோம்.

தேரி என்பது யாது?

நம் முன்னோர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். அவற்றுள் பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டு தம் இயல்பு திரியும்போது பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் கூறும் விளக்கம். எனினும் ஆண்டு முழுவதும் பாலையின் தோற்றம் காட்டும் நிலம் ஒன்று தென்பாண்டி நாட்டில் உண்டு. அதுவே தேரி. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடற்கரையை அடுத்து, குதிரைமொழி, சாத்தான்குளம், இட்டமொழி முதலிய ஊர்களைச் சார்ந்து இச்செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன.

இந்த மணல் ஏன் சிவந்திருக்கிறது? ஒவ்வொரு மணல்துகளின்மீதும் இரும்புத் துரு போன்ற மெல்லிய படலம் படிந்துள்ளது. அரிசோனாவின் பாறைகள் சிவந்திருப்பதற்கும் இரும்பே காரணம். இவ்வளவு மணலையும் இங்கே குவித்தது காற்று. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வேகத்தோடு புகுந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. மலையின் மறைவில் கிடப்பதால் அக்காற்றின் மழை இந்நிலத்திற்குக் கிட்டுவதில்லை; வறண்ட காற்று மட்டுமே கிட்டுகிறது. தூத்துக்குடி வட்டாரத்தில் ஓராண்டில் பெய்யும் மழை, நம் சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதியே.

ஆயினும் இது உயிரற்ற நிலமன்று. பெய்யும் சிறு மழையையும் மணல் பஞ்சுபோல் உறிஞ்சி அடியிலே சேர்த்து வைக்கிறது. தேரியின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலருகில் வற்றாத சுனை ஒன்று இருப்பதை அவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர். பனையும், குடைபோல் விரியும் உடைமரமும், முந்திரியும் இம்மணலில் வேரூன்றி அதை ஓடாமல் பிடித்து வைத்துள்ளன. கல்லைச் சிறு சிறு கருவிகளாகச் செதுக்கி வாழ்ந்த ஆதி மனிதரும் இங்கே குடியிருந்தனர். பிரெடரிக் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்னும் அறிஞர் இருவர் இத்தேரிகளிற் கிடைத்த அக்கருவிகளை ஆராய்ந்து 1956-இல் எழுதியுள்ளனர்.

எப்போது செல்வது?

பாலைப் பயணத்தில் முதற் கேள்வி இதுவே. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொடியது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை, குறிப்பாக ஆடி மாதத்தில், காற்று மணலை வாரி இறைக்கும். கண் திறக்க இயலாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். எஞ்சியவை ஜனவரியும் பிப்ரவரியும். காலைகள் குளிர்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும், பனையில் பதநீர் இறங்கத் தொடங்கும் பருவமும் அதுவே. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரிரு நாள் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும். எங்கள் மகள் பாடக் குறிப்புகளைத் தோழியிடம் பெற்றுக்கொள்வதாகக் கூறி, தலைமையாசிரியைக்குத் தானே கடிதம் எழுதினாள்.

மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-இலும், தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்டு 5-இலும் கொண்டாடப்படுகின்றன. திருவிழாச் சிறப்பைக் காண விரும்புவோர் அப்போது செல்லலாம்; ஆனால் முதியோரோடும் சிறுவரோடும் தேரியில் நடக்க அவை ஏற்ற காலங்கள் அல்ல. திருச்செந்தூரிலும் கோவில் விழா நாட்களில் தங்கும் அறை கிடைப்பது அரிது. நாள் பார்த்து முன்னரே சொல்லி வைத்தல் நன்று.

புறப்படுமுன்

புறப்படுவதற்கு முன் மூன்று வாரங்கள் ஆயத்தத்தில் கழிந்தன. முதலில் அன்னையைக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகள் உடலின் நீரை வெளியேற்றும் தன்மையுள்ளவை என்றும், வயது கூடும்போது தாகம் குறைவாகவே தோன்றும் என்றும், ஆகவே தாகம் எடுக்குமுன்பே முதியவர்க்கு நீர் கொடுக்க வேண்டுமென்றும் அவர் விளக்கினார். மாத்திரை உண்ணும் வேளைகளை எழுதித் தந்தார். முதற் பயணத்திற்கு முன் இந்த அரைமணி நேரத்தை நாங்கள் செலவிட்டிருந்தால் எத்துணைத் துன்பம் தவிர்ந்திருக்கும்!

அடுத்து வண்டி. அடையாற்றில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ரேடியேட்டர், பிரேக், பேட்டரி, டயர்கள், மாற்றுச் சக்கரம் ஆகியவற்றைச் சோதித்தார். "தேரி மணலில் மட்டும் வண்டியை இறக்கிவிடாதீர்கள், சார்; சக்கரம் சுழலச் சுழலப் புதையும்" என்று எச்சரித்தார். தார்ச்சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்து நடப்பதே முறை.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் அனைவருக்கும் அகன்ற விளிம்புள்ள தொப்பிகளும் பருத்தித் துண்டுகளும் வாங்கினோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வீதம் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், மூடிய காலணிகள், மடக்கு நாற்காலி ஒன்று, பெரிய குடை இரண்டு, கைவிளக்கு, முதலுதவிப் பெட்டி ஆகியவை எங்கள் பட்டியலில் இருந்தன. மடக்கு நாற்காலியே இவையனைத்திலும் மிகுதியாகப் பயன்பட்டது.

ஆறு நாள் வழி

முதல் நாள்: விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. தாம்பரம், செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை வண்டியை நிறுத்துவது என்பது சட்டம். யாரும் கேட்க வேண்டியதில்லை. கடிகாரம் பார்த்து அறிவிக்கும் பொறுப்பை மகனிடம் கொடுத்தோம். அவன் அதை ஒரு நீதிபதியின் கண்டிப்போடு நிறைவேற்றினான். நண்பகலுக்குள் திருச்சியை அடைந்து ஓய்வு.

இரண்டாம் நாள்: திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி. பிற்பகலில் பனிமய மாதா பேராலயம். 1713-இல் அர்ச்சிக்கப்பட்டு, 1982-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட ஆலயம் அது. அங்கிருந்து 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர். இரவு அங்கே தங்கல்.

மூன்றாம் நாள்: தேரி. கதிரவன் எழுமுன் புறப்பட்டு, ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். நண்பகலில் அறையில் ஓய்வு. மாலையில் மணப்பாடு.

நான்காம் நாள்: உவரி அந்தோனியார் திருத்தலம், கப்பல் வடிவிலமைந்த மாதா ஆலயம், பின்னர் வடக்கன்குளம். 1745-இல் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அங்கிருந்து ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை. 1752 ஜனவரி 14-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. தேரிமீது வீசும் காற்று நுழையும் வாயிலும் இதுவே. இன்று அக்கணவாயெங்கும் காற்றாலைகள் சுழல்கின்றன. இரவு திருநெல்வேலி.

ஐந்தாம் நாள் திருச்சி. ஆறாம் நாள் வீடு. இளைஞர்கள் மட்டும் செல்வதாயின் இதை நான்கு நாட்களில் முடித்துவிடலாம். நேரமுள்ளோர் போகும்போது கடற்கரை வழியே நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தொண்டி சென்று, ஓரியூரில் புனித அருளானந்தர் 1693-இல் தலைவெட்டுண்டு இரத்தம் சிந்திய செம்மண்ணையும் தரிசித்து வரலாம். வழி நீளும்.

தேரியிலே

அந்த மூன்றாம் நாளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும்.

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழியைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் மண் சிவக்கத் தொடங்கியது. இருள் விலகிய வேளையில் அந்த நிறம் முதலில் சாம்பலும் ஊதாவுமாகத் தோன்றி, கதிர் பட்டதும் குங்குமமாயிற்று. பிள்ளைகள் பேச்சின்றி நின்றனர். மணலிலே காற்று வரைந்த அலைகளும், இரவில் ஊர்ந்த பூச்சிகளின் தடங்களும் இருந்தன. தேரியின் பல பகுதிகள் வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. ஆதலால் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் காட்டிய பாதையிலேயே நடந்தோம். மேடுகள் ஒன்றுபோலவே தோன்றுவதால் வழி தெரியாதவர் எளிதில் திசை மயங்குவர்.

அன்னை காலணிகளைக் கழற்றிவிட்டார்கள். தடுக்க முயன்றோம். "காலைல சுடாதுமா, எனக்குத் தெரியும்" என்றார்கள். உண்மைதான், மணல் குளிர்ந்திருந்தது. ஐம்பது அடிக்கு ஒருமுறை நாற்காலியை விரித்தோம். அமர்வதும், ஒரு வாய் நீர் அருந்துவதும், எழுவதுமாக அன்னை நடந்தார்கள். அந்தப் பெரியவரிடம் தந்தையின் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, "அவர் பாட்டத்துக்கு எடுத்த விளை அதோ" என்று கைகாட்டினார். பல பனைகள் வெட்டுண்டு போயிருந்தன. சில இன்னும் நின்றன.

அன்னை ஒரு பனையைத் தொட்டு நின்றார்கள். "எங்க ஐயா விடியமுன்னே ஏறி இறங்கிடுவாரு. கலயத்துல சுண்ணாம்பு தடவி வைப்பாரு. அது இல்லேன்னா பதநீர் புளிச்சுக் கள்ளாயிடும். அம்மா விடிலியில காய்ச்சுவா. கருப்பட்டி இறுகுற பதத்தை வாசனையிலேயே சொல்லிடுவா" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே போனார்கள். இரண்டு ஆண்டுகளாகப் பேசாதிருந்த ஊரைப் பற்றி அன்று காலை அவர்கள் பேசி ஓயவில்லை. உடன்குடிக் கருப்பட்டி இன்று புவிசார் குறியீடு பெற்றுப் புகழோடு விற்பனையாகிறது. ஆனால் அதைக் காய்ச்சிய கைகளின் கதையைச் சொல்லப் பாட்டிமார்களே வேண்டும். பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதனை வெட்டலாகாது என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. பனையேறும் தொழிலுக்கு ஆள் வரும் வழியும் பிறந்தால் நலம்.

எட்டரை மணிக்கு ஊர்க் கல்லறைத் தோட்டம் சென்றோம். பெயர் தேய்ந்த சிலுவையொன்றைப் பங்கின் உபதேசியார் அடையாளம் காட்டினார். மெழுகுதிரி ஏற்றி, ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொன்னோம். அன்னை அழவில்லை. "ஐயா, நான் வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்கள்.

மணப்பாட்டில்

மாலை ஐந்து மணி. கடலுக்குள் நீண்ட மணற்குன்றின்மேல் நிற்கிறது திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிய போர்த்துக்கீசக் கப்பலின் தலைவன், கரை சேர்ந்தால் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, கப்பலின் பாய்மரத்தால் சிலுவை செய்து 1540-இல் இங்கே நாட்டினான் என்பது மரபு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், குன்றின் கீழுள்ள குகையில் தங்கிச் செபித்தார். ஆலயம் 1581-இல் எழுந்தது. அருகிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் விண்வெளி ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டதை மகன் அறிந்திருந்தான். அங்கே இராக்கெட்டும் இங்கே குகையுமா என்று அவன் வியந்தான்.

குன்றின் ஏற்றத்தில் அன்னை தயங்கி, "நீங்க போயிட்டு வாங்க, நான் கீழேயே இருக்கேன்" என்றார்கள். முதற் பயணமாயின் நாங்களும் சரியென்று ஓடியிருப்போம். அன்று மகள் நாற்காலியை விரித்து, "நேரம் நிறைய இருக்கிறது, ஆச்சி" என்றாள். ஏற நாற்பது நிமிடங்கள் ஆயின. கதிரவன் மறையுமுன் அன்னை சிலுவையின் முன் முழந்தாளிட்டார்கள்.

ஆதியாகமத்தில், தம்பியோடு சேர்ந்து விரைந்து செல்ல ஏசா அழைக்கிறார். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர், ஆடுமாடுகள் பால் கொடுப்பவை, ஒரு நாள் துரத்தி ஓட்டினாலும் அவை மாளும் என்று கூறி, அவர்களுடைய நடைக்கேற்ப மெல்ல வருவதாகச் சொல்கிறார். பலமுறை வாசித்த அப்பகுதி எங்களுக்கு மணப்பாட்டுக் குன்றின் ஏற்றத்திலேதான் விளங்கியது.

வாசகப் பெருமக்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு மூலையில் ஓர் ஆச்சியோ தாத்தாவோ, கேட்கத் தயங்கும் ஓர் ஆசையோடு அமர்ந்திருக்கலாம். அவர் பிறந்த ஊர் தேரியாக இருக்கலாம். மலையாக, வயலாக, கடற்கரையாக இருக்கலாம். ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரியுங்கள். அவர் எவ்வளவு தூரம் நடப்பார், எப்போது மாத்திரை உண்பார், எத்தனை முறை இறங்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். மற்ற வழிகளையெல்லாம் அதன் கீழ் எழுதுங்கள். நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஆச்சி அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஓரியூர் பார்க்க வேண்டுமாம். தாளை மீண்டும் விரித்திருக்கிறோம்.